கை தசை மாடல் ரிவ்யூ: அல்னார் நரம்புக்காக தாராளமா வாங்கலாம், மீடியனுக்கு கொஞ்சம் நூல் வேலை இருக்கு

காட்பாடி, குடியாத்தம், சித்தூர் ரோடு பக்கம் பிசியோதெரபி பண்றவங்க, நர்சிங் பிள்ளைங்களுக்கு அனாடமி எடுக்கறவங்கன்னு நிறைய பேர் கை மாடல் எது வாங்கலாம்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போடறதுக்கு ஒரேடியா இங்க எழுதிடறேன். நான் ஆன்லைன்ல வாங்கினது நிஜக் கை சைஸ்ல, தசையெல்லாம் அடுக்கு அடுக்கா கழட்டி மாட்டற மாடல். பிவிசி. முன்கை பாதியில ஆரம்பிச்சு விரல் நுனி வரைக்கும் இருக்கு, ஸ்டாண்டோட சேத்து எட்டாயிரம் ரூபா சொச்சம் ஆச்சு. கம்பெனி பேர் எழுதல, ஏன்னா இதே அச்சுல வந்த மாடலை வேற வேற பேர்ல விக்கறாங்க, போட்டோவைப் பாத்தாலே கண்டுபிடிச்சிடலாம்.

பேக்கிங் நல்லா இருந்துச்சு, காட்பாடிக்கு சொன்ன தேதிக்கே வந்துடுச்சு, அதுல குறை ஒண்ணும் இல்ல. விஷயத்துக்கு வரேன்.

எலும்பும் தசையும் எந்த மாடலும் காட்டும். எந்த நரம்பு எந்த வழியா வந்து எந்தத் தசைக்குள்ள நுழையுதுன்னு காட்டுதான்றதுதான் என் கேள்வி, ஏன்னா கையில நமக்கு வர்ற பேஷன்ட்ல பாதிப் பேர் பிரச்சனை அந்த வழியிலதான் இருக்கு. உள்ளங்கைக்குள்ளயே ஆரம்பிச்சு கைக்குள்ளயே முடியற சின்னத் தசைங்கள எடுத்துக்கோங்க. கட்டைவிரல் மேட்டுல மூணு, சுண்டுவிரல் மேட்டுல மூணு, கட்டைவிரலை உள்பக்கம் இழுக்கற அடக்டர் பாலிசிஸ் ஒண்ணு, புழு மாதிரி இருக்கற லம்ப்ரிகல் நாலு, எலும்புக்கு நடுவுல இருக்கற இன்டராசியஸ்ல உள்ளங்கைப் பக்கம் மூணு, புறங்கைப் பக்கம் நாலு, அப்புறம் தோலுக்கு அடியில மெல்லிசா பால்மாரிஸ் பிரெவிஸ் ஒண்ணு. மொத்தம் 19. கைக்கு வர்ற பெரிய நரம்பு மூணு, மீடியன், அல்னார், ரேடியல். இந்த 19 தசையில மீடியன் நரம்புக்கு அஞ்சுதான், அதாவது கட்டைவிரல் மேட்டு மூணும் (அதுல ஒண்ணுக்கு அல்னாரும் கொஞ்சம் வரும், கீழ சொல்றேன்), ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் போற லம்ப்ரிகல் ரெண்டும். மீதி பதினாலும் அல்னார் நரம்பு. ரேடியல் நரம்பு கைக்குள்ள ஒரு தசைக்கும் போறதில்ல. இதை எல்லாரும் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிடறாங்க, ஆனா பேஷன்ட் கைய நீட்டினதும் எதைத் தொட்டுப் பாக்கணும்னு தெரியாம நிக்கறாங்க, அதுக்காகத்தான் மாடல் வாங்கினதே.

முதல்ல நல்லது. இந்த மாடல்ல அல்னார் நரம்போட ஆழக் கிளையை செஞ்சிருக்கறது அற்புதம். மேல் அடுக்கு கழட்டி, விரல் மடக்கற தசைநாண் கட்டையும் தூக்கிட்டா அடியில மஞ்சளா ஓடுது பாருங்க. மணிக்கட்டுல சுண்டுவிரல் பக்கம் பட்டாணி மாதிரி கையில தட்டுப்படுமே பிசிஃபார்ம் எலும்பு, அதுக்குப் பக்கத்துல நரம்பு வருது, அங்கயே ரெண்டா பிரியுது. மேல் கிளை தோல் உணர்ச்சிக்கு சுண்டுவிரலுக்கும் மோதிரவிரல் பாதிக்கும் போயிடுது, போற வழியில பால்மாரிஸ் பிரெவிஸுக்கு மட்டும் குடுத்துட்டு போவுது. ஆழக் கிளை ஹேமேட்ன்ற மணிக்கட்டு எலும்போட கொக்கியைச் சுத்தி உள்ள இறங்குது. அந்தக் கொக்கியை மாடல்ல தனியா தெரியற மாதிரி செஞ்சிருக்காங்க, பல விலை கூடின மாடல்லயே அது வெறும் மொட்டையா இருக்கும்.

அந்தக் கொக்கி உங்க கையிலயும் இருக்கு, இப்பவே பாக்கலாம். ஒரு கைய மல்லாத்தி வெச்சுக்கோங்க. இன்னொரு கை கட்டைவிரலோட நடு மடிப்பை பிசிஃபார்ம் மேல வெச்சு, விரல் நுனியை ஆள்காட்டிக்கும் கட்டைவிரலுக்கும் நடுவுல இருக்கற இடுக்கைப் பாத்து திருப்பி அழுத்துங்க, ஆழமா கெட்டியா ஒண்ணு தட்டுப்படும், சிலருக்கு லேசா வலிக்கும். பிசிஃபார்முக்கும் அந்தக் கொக்கிக்கும் நடுவுல அல்னார் நரம்பு போற சந்துதான் குயோன் கால்வாய். நான் பசங்களுக்கு முதல்ல அவங்க கையில இதைத் தொட வெச்சிட்டு அப்புறம்தான் மாடலைத் திறப்பேன், ரெண்டும் சேந்தாதான் புரியுது.

கொக்கியைத் தாண்டினதும் அந்தக் கிளை சுண்டுவிரல் மேட்டுத் தசை மூணுக்கும் குடுக்குது, அப்புறம் உள்ளங்கையோட அடி ஆழத்துல, ஆழ ரத்தக்குழாய் வளைவுக்கு கூடவே, குறுக்கால ஓடுது. டவுன் பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிங்லயும் ஆள இறக்கிட்டு போற மாதிரி மூணாவது நாலாவது லம்ப்ரிகல், இன்டராசியஸ் ஏழும்னு ஒவ்வொண்ணுக்கா குடுத்துட்டு போயி, கடைசியா அடக்டர் பாலிசிஸ் ரெண்டு தலைக்கும் (தசை ஆரம்பிக்கற ரெண்டு பிரிவு) நடுவுல நுழையுது. ரேடியல் ரத்தக்குழாய் அங்க எதிர்ப்பக்கம் இருந்து, அதாவது புறங்கையில முதல் இன்டராசியஸோட ரெண்டு தலைக்கு நடுவுல புகுந்து, உள்ள வருது. அந்த ரெண்டும் எதிரும் புதிருமா சந்திக்கற இடத்தை இந்த மாடல்ல அச்சு அசலா குடுத்திருக்காங்க. செஞ்சவங்கள்ல யாரோ ஒருத்தர் நிஜமா ஒரு கையைப் பிரிச்சுப் பாத்திருக்காங்கன்னு எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்துலதான்.

இது ஏன் முக்கியம்னா, குப்பம் பக்கத்துல இருந்து கிரானைட் பாலிஷ் போடற ஒரு தம்பி வந்தாரு, பாதி தெலுங்கு பாதி தமிழ். "சார், தொட்டா எல்லாம் தெரியுது, மரமரப்பே இல்ல, ஆனா வண்டி சாவி திருப்ப முடியல சார்"னாரு. வேற இடத்துல பாத்ததுல உணர்ச்சி நல்லா இருக்கறதால நரம்பு ஓகே, ஓவர் வேலை, ரெஸ்ட் எடுன்னு அனுப்பிட்டாங்களாம். கையைத் திருப்பிப் பாத்தா புறங்கையில கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவுல சதை வத்திப் பள்ளமா கிடக்கு, இன்னொரு கையில அங்க உருண்டையா இருக்கு. முதல் இன்டராசியஸ் அது. மிஷினை நாள் முழுக்க எந்த இடத்துல அழுத்திப் பிடிக்கறாருன்னு காட்டச் சொன்னேன், நேரா அந்தக் கொக்கி மேல. உணர்ச்சிக் கிளை பிரிஞ்சு போனதுக்கு அப்புறம் ஆழக் கிளை மட்டும் நசுங்கினா அப்படித்தான் இருக்கும், தோல்ல ஒண்ணும் தெரியாது, தசை மட்டும் தேயும். நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பி நெர்வ் கண்டக்ஷன் டெஸ்ட் எடுத்தோம், அதுவும் அதையேதான் சொல்லிச்சு. அந்தத் தம்பிக்கு மாடலைத் திறந்து காட்டினப்போ அவரே விரலை வெச்சு "இங்கதான் சார் மிஷின் இடிக்குது"ன்னு கரெக்டா காட்டினாரு. கைப்பிடியை மாத்தணும், பிடிக்கற இடத்தை மாத்தணும்னு நான் சொல்ல வேண்டிய அவசியமே வரல, அவரே கேட்டாரு. எட்டாயிரம் ரூபாய்க்கு அந்த ஒரு நாள் போதும் எனக்கு.

அல்னார் வீக்னஸை பேப்பர் வெச்சு பாக்கற டெஸ்டும் மாடலை வெச்சு சொல்லிக் குடுக்க ரொம்ப நல்லா வருது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரல் பக்கவாட்டுக்கும் நடுவுல ஒரு பேப்பர் குடுத்து இழுத்துப் பாக்கணும். அடக்டர் பாலிசிஸ் வேலை செஞ்சா கட்டைவிரல் நேரா இருந்தே பிடிக்கும். வேலை செய்யலன்னா முன்கையில இருந்து வர்ற நீளத் தசை உதவிக்கு வந்து கட்டைவிரல் நுனி மடங்கும், அது மீடியன் நரம்புத் தசை. பிரான்ஸ் நாட்டு டாக்டர் ஃப்ரோமென்ட் முதல் உலகப் போர் சமயத்துல எழுதி வெச்ச அடையாளம் அது, இன்னிக்கும் ஒரு பேப்பர் துண்டு போதும், மிஷின் வேண்டாம். மாடல்ல அடக்டரைத் தனியா கழட்டி, இது இல்லன்னா என்ன ஆகும்னு காட்ட முடியுது.

இப்போ கோவம் வர்ற இடம். மீடியன் நரம்பு.

மீடியன் கார்ப்பல் டனல் வழியா, அதாவது மணிக்கட்டு எலும்புக்கும் அதுக்கு மேல குறுக்கால இருக்கற பட்டைக்கும் நடுவுல இருக்கற சந்து வழியா, உள்ள வந்ததும், அந்தப் பட்டையோட கீழ் விளிம்பைத் தாண்டி, பொதுவா ஒரு சின்னக் கிளை திரும்பி மேல ஏறி கட்டைவிரல் மேட்டுக்குள்ள போகும். சில பேருக்கு பட்டையைத் துளைச்சுக்கிட்டே வரும். தோலுக்கு ரொம்ப கிட்டத்துல, கண்ணாடி கீறினாலே அறுந்து போற அளவுக்கு மேலாப்புல இருக்கும். அந்த ஒரு கிளை போச்சுன்னா கட்டைவிரலை மத்த விரலுக்கு எதிர்ல கொண்டு வர்ற சக்தி போயிடும், ஊசியில நூல் கோக்கறது, பட்டன் போடறது, பீடி சுருட்டறது எல்லாம் போச்சு. கையில இருக்கற எல்லாக் கிளையிலயும் சர்ஜன் அதிகமா பயப்படறது இதுக்குத்தான். அப்படிப்பட்ட கிளையை இந்த மாடல்ல செய்யவே இல்ல! மீடியன் நேரா விரல்களுக்குப் போற மாதிரி பெயின்ட் அடிச்சு விட்டுட்டாங்க, கட்டைவிரல் மேட்டு மூணு தசையும் நரம்பே இல்லாம அனாதையா உக்காந்திருக்கு.

அதைவிட மோசம் கூட வர்ற கார்டு. நம்பர் போட்டு தசைப் பேர், நரம்புப் பேர் அச்சடிச்சிருக்காங்க, அதுல லம்ப்ரிகல் நாலுமே மீடியன்னு போட்டிருக்கு. அடக்டர் பாலிசிஸைக் கட்டைவிரல் மேட்டுத் தசையோட ஒரே கலர்ல அடிச்சு அதுக்கும் மீடியன்னு போட்டிருக்கு. ரெண்டும் தப்பு. இந்தக் கார்டை நம்பி ஒரு பிள்ளை படிச்சா, நான் மேல சொன்ன பேப்பர் டெஸ்ட்டை தலைகீழா புரிஞ்சுக்கும். தயவு பண்ணி பார்சல் பிரிச்ச கையோட கார்டை கிழிச்சுப் போடுங்க, நான் கையால ஒண்ணு எழுதி லேமினேஷன் பண்ணி ஸ்டாண்டுல ஒட்டி வெச்சிருக்கேன்.

கிளை இல்லாததுக்கு நான் பண்ணினது இதுதான். குடியாத்தத்துல எம்பிராய்டரி நூல் கலர் கலரா கிடைக்கும், மஞ்சள் ஒரு கண்டு, பச்சை ஒரு கண்டு வாங்கினேன். மஞ்சள் மீடியன், பச்சை அல்னார். சூடு பண்ணின ஊசியால பிவிசில குட்டி ஓட்டை போட்டு, பட்டையோட கீழ் விளிம்புல இருந்து மஞ்சள் நூலைத் திருப்பி மேட்டுத் தசைக்குள்ள விட்டேன். கட்டைவிரல் மேட்டுல இருக்கற, கட்டைவிரலை மடக்கற ஃப்ளெக்சர் பிரெவிஸ் தசைக்கு ரெண்டு நூலும் கட்டியிருக்கேன், ஏன்னா அதோட மேல் தலை பெரும்பாலும் மீடியன், ஆழத் தலை அல்னார். சில பேருக்கு உள்ளங்கைக்குள்ளயே ரெண்டு நரம்புக்கும் இணைப்பு இருக்கும், ரிச்சே-கானியு இணைப்புன்னு சொல்லுவாங்க, அதனால மீடியன் அறுந்தும் கட்டைவிரல் ஓரளவு மடங்கும், பாக்கறவங்க நரம்பு நல்லாத்தான் இருக்குன்னு ஏமாந்துடுவாங்க. அதனாலதான் மீடியனைப் பாக்கறதுக்கு மடக்கச் சொல்லாம, கைய மேஜை மேல மல்லாத்தி வெச்சு கட்டைவிரலை நேரா மேல கூரையைப் பாத்து தூக்கச் சொல்லி, நம்ம விரலால கீழ அழுத்திப் பாக்கறது. அப்டக்டர் பாலிசிஸ் பிரெவிஸ் அது. அந்த மேட்டுல வெளிப்பக்கமா மேலாப்புல இருக்கறது, தேஞ்சா முதல்ல கண்ணுக்குத் தெரியறதும் அதுதான்.

லம்ப்ரிகல் நாலும் ஆழ விரல் மடக்கித் தசைநாணோட சேந்து ஒரே பீஸா கழண்டு வருது, இதை நான் குறையா சொல்ல மாட்டேன், நிஜத்துலயும் அது அந்த நாண்ல இருந்துதானே ஆரம்பிக்குது. ரெண்டுக்கு மஞ்சள், ரெண்டுக்கு பச்சை நூல் கட்டினதும் ஒரு விஷயம் பசங்களுக்கு பளிச்சுனு விளங்கிடுச்சு. அல்னார் மட்டும் போனா மோதிரவிரலும் சுண்டுவிரலும் மட்டும் ஏன் பருந்துக் கால் நகம் மாதிரி மடங்கிக்குது, ஆள்காட்டியும் நடுவிரலும் ஏன் ஓரளவு தப்பிக்குதுன்னா, விரல் நுனியை நிமித்தற லம்ப்ரிகலுக்குப் போற அந்த ரெண்டு மஞ்சள் நூல்தான் காரணம். இதுக்கு மேல நான் விளக்கமே சொல்லல.

மீடியன் பகுதி எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னா, குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கத்துல இருந்து பீடி சுத்தற அம்மாங்க நிறைய வராங்க. இலையை வெட்டி, தூளைப் போட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டியும் வெச்சு உருட்டி, முனையை மடிச்சு, நூல் கட்டி, அடுத்தது. "ராத்திரி கை மரத்துப்போயி எழுப்பிவிடுது சார், ஒதறினா கொஞ்ச நேரத்துல சரியாவுது"ன்னு சொல்லுவாங்க. ஒதறினா சரியாவுதுன்னு அவங்க வாயில வந்தாலே கார்ப்பல் டனலை நினைச்சுக்கணும். சுண்டுவிரல் மரத்துப்போறதில்ல, உள்ளங்கைல கட்டைவிரல் மேட்டுத் தோலும் நல்லா இருக்கும், ஏன்னா அந்தத் தோலுக்குப் போற கிளை டனலுக்குள்ள போகாம பட்டைக்கு மேலயே போயிடுது (இதுவும் மாடல்ல இல்ல, இதுக்கும் நூல்தான்). மரத்துப்போற கட்டத்துலயே வந்தா, மணிக்கட்டை அசையாம நேரா வெக்கற ராத்திரி ஸ்ப்லின்ட்லயே பல பேருக்கு அடங்கிடுது. மேடு தட்டையாகி வந்தா கஷ்டம். "அம்மா, இந்த மேட்டையும் அந்த மேட்டையும் தொட்டுப் பாருங்க"ன்னு அவங்க ரெண்டு கையையும் பக்கத்துல வெக்கச் சொல்லி, அப்புறம் மாடல்ல அந்தத் தசையைத் தூக்கி எடுத்துக் காட்டினா, ஆப்பரேஷனுக்கு ஏன் சொல்றாங்கன்னு அவங்களுக்கே புரிஞ்சிடுது. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து மறுபடியும் காட்டச் சொல்லி கேட்டவங்க இருக்காங்க.

இன்னொண்ணும் சொல்லணும். இந்தச் சின்னத் தசைங்களப் பத்தி உலகத்துக்கே பாடம் எடுத்தது நம்ம வேலூர். 1914ல கொல்லிமலையில பொறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்தாரு. அப்பல்லாம் தொழுநோய் வந்த கை தானா அழுகிப் போகும்னுதான் நினைச்சுட்டு இருந்தாங்க. அவரு உக்காந்து ஒவ்வொரு தசையா டெஸ்ட் பண்ணிப் பாத்தாரு. அல்னார் முழங்கைக்கிட்டயும் மீடியன் மணிக்கட்டுக்கு மேலயும் அடி வாங்குது, அதனால உள்ளங்கைச் சின்னத் தசைதான் போவுது, முன்கைத் தசைங்க பல பேருக்கு உசுரோட பலமா இருக்கு, ரேடியல் நரம்புத் தசைங்களுக்கு பெரும்பாலும் ஒண்ணும் ஆகறதில்ல. அப்ப நல்லா இருக்கற தசையோட நாணை எடுத்து விரலுக்கு மாத்திக் கட்டினா மடங்கின கை திறக்கும்னு ஆப்பரேஷனை ஆரம்பிச்சாரு. கூடவே, காயம் வர்றது உணர்ச்சி இல்லாததாலன்னும் காட்டினாரு. காட்பாடிக்குப் பக்கத்துல கரிகிரி ஆஸ்பத்திரிக்குப் போனீங்கன்னா இன்னிக்கும் அந்த வேலை நடக்குது. இந்த மண்ணுல இருந்துட்டு எந்தத் தசைக்கு எந்த நரம்புன்னு தெரியாம நம்ம பிள்ளைங்க பாஸாகி வரக்கூடாது, நான் இவ்வளவு நீளமா எழுதறதே அதுக்காகத்தான். உணர்ச்சி இல்லாத தேமலோட சுண்டுவிரல் வலுவும் குறைஞ்சு யாராவது வந்தா முழங்கைக்குப் பின்னாடி அல்னார் நரம்பு தடிச்சிருக்கான்னு தொட்டுப் பாருங்க, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை இலவசம், சீக்கிரம் அனுப்புனா கை தப்பிக்கும்.

மத்த குறைங்க சுருக்கமா. இன்டராசியஸ் ஏழும் எலும்போட ஒட்டி ஒரே கட்டியா வார்த்திருக்காங்க, தனித்தனியா கழட்ட முடியாது, எது விரலை விரிக்கறது எது சேக்கறதுன்னு காட்ட ஸ்கெட்ச் பேனாவால கோடு போட்டுக்கலாம். முன்கை பாதியோட நிக்கறதால முழங்கைக்கிட்ட அல்னார் அடிபட்டா நகம் மாதிரி மடங்கறது ஏன் குறைவா தெரியுதுன்னு சொல்லிக்குடுக்க இது பத்தாது, அதுக்கு முழுக்கை மாடல் வேணும். கழுத்தடியில இருந்து வர்ற, ரெண்டு மேட்டுத் தசைக்கும் போற டி1ன்ற நரம்பு வேர் எந்தக் கை மாடல்லயும் இருக்காது, அதனால பேஷன்டுக்கு ரெண்டு மேடும் சேந்து தேஞ்சிருந்தா கையிலயே நிக்காம கழுத்தையும் கழுத்து விலா எலும்பையும் நுரையீரல் உச்சியையும் பாக்கச் சொல்லணும்னு வாயால சொல்லிடுங்க. காந்தம் வெச்ச பீஸுங்க நல்லா பிடிக்குது, ஆனா கட்டைவிரல் மேட்டு மேல் பீஸ் மட்டும் லூஸ், அடிக்கடி கீழ விழுது. நம்ம ஊர் சித்திரை வெயில் தெரியுமில்ல, ஜன்னலோரம் வெக்காதீங்க, பிவிசி வளைஞ்சுடும்.

அஞ்சுக்கு மூணரை. பேஷன்டுக்கு காட்டறதுக்கும், சரியா தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இருந்து சொல்லிக்குடுக்கறதுக்கும் நல்ல சரக்கு. தனியா உக்காந்து படிக்கற ஸ்டூடன்ட் இதை வாங்க வேண்டாம், அந்தக் கார்டு கெடுத்துடும். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி, எல்லா அடுக்கும் கழட்டின நிலையில உள்ளங்கை போட்டோ அனுப்பச் சொல்லுங்க, கொக்கியைச் சுத்தி மஞ்சக் கோடு இறங்குதான்னு பாருங்க, அது இல்லாத காப்பியும் மார்க்கெட்ல இருக்கு. கார்டுல இருக்கற தப்பை நம்பர் போட்டு எழுதி விக்கறவங்களுக்கு மெயில் அனுப்பியிருக்கேன், இதுவரைக்கும் பதில் இல்ல, திருத்தின கார்டு அனுப்பினாங்கன்னா இதே இடத்துல அப்டேட் பண்றேன்.